மூன்று பிரதி இருந்தும் தேர் அன்று பக்கம் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: 2025 ஓகஸ்ட் 3, இரவு 9.40

யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து நல்லூர்த் திருவிழாப் படங்களுக்கென ஒரு தளம் நடத்துகிறோம். ஒரே உள்ளடக்கம் சிங்கப்பூர், பிராங்பேட், ரொறன்ரோ என மூன்று சேவையகங்களில் (பக்கம் கேட்பவருக்கு அதை அனுப்பும் கணினிகள்) பிரதியாக இருக்கிறது. போன வருடம் தேர் அன்று மூன்றும் விழுந்துவிட்டன. இந்த முறை இன்னும் இரண்டு வாடகைக்கு எடுத்து ஐந்தாக்கினால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். தேர் 21ஆம் திகதி. பிழை என்றால் சொல்லுங்கள்.

பதில்: ஓகஸ்ட் 3, இரவு 11.15

பிழை. ஐந்து வைத்தாலும் விழும்.

மூன்றும் ஒரே நேரத்தில் விழுந்தனவா, ஒன்றன்பின் ஒன்றாகவா? ஒன்றன்பின் ஒன்றாக என்றால் காரணம் தெரிந்ததுதான். ஒவ்வொன்றும் 80 சதவீதச் சுமையில் ஓடிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள். ஒன்று விழுந்ததும் அதன் 80, மற்ற இரண்டின் தலையில் நாற்பது நாற்பதாக ஏறுகிறது. 120 சதவீதத்தை எந்த இயந்திரமும் சுமக்காது. இரண்டாவது விழுகிறது. கடைசியில் நிற்பதன் தலையில் 240. மூன்றில் ஒன்றை இழந்தும் நிற்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 66 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

80 என்பதும் நீ நினைப்பதுபோல் சௌகரியமான இடம் இல்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்துகொண்டு ஏர்லாங் என்ற கணித அறிஞர் 1909இல் தொடக்கிவைத்த வரிசைக் கணக்கு இதற்கும் பொருந்தும். கோரிக்கைகள் (பக்கமோ படமோ கேட்டு உலாவி அனுப்புபவை) ஒழுங்கில்லாமல் வந்து ஒரே வரிசையில் நிற்கின்றன என்ற எளிய சூத்திரத்தை எடுத்தால், பாதிச் சுமையில் ஒரு கோரிக்கை முடிய, வரிசையே இல்லாதபோது ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆகும். 80இல் ஐந்து மடங்கு, 90இல் பத்து மடங்கு, 95இல் இருபது மடங்கு. 80இலிருந்து 95க்குப் போகும்போது சுமை கொஞ்சம்தான் கூடுகிறது. காத்திருப்போ நான்கு மடங்காகிவிடுகிறது. அதனால்தான் பத்து நிமிடத்துக்கு முன்வரை நன்றாக ஓடிய தளம் திடீரென்று உறைந்துபோகிறது.

ஓகஸ்ட் 4, காலை 5.50

இரவு அவசரத்தில் எழுதியதை ஒரு இடத்தில் திருத்துகிறேன். ஐந்து பிரதி இருந்தால், ஒன்றை இழந்தும் நிற்பதற்கு ஒவ்வொன்றும் 80க்குக் கீழே இருந்தால் போதும். ஆகவே பிரதி கூட்டுவதில் பயனே இல்லை என்பதுபோல் நான் சொன்னது மிகை. பயன் உண்டு. ஆனால் எந்தக் கோரிக்கையை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்ற முடிவை எடுக்காமல் கூட்டினால், கூட்டிய அளவுக்கு நெரிசலும் பெரிதாகும்.

ஓகஸ்ட் 4, மாலை 6.30

“திருப்பி அனுப்புவதா? வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது?” என்று கேட்கிறாய், தம்பி. 2022ஐ நினைத்துப் பார். பெற்றோல் செட் வாசலில் இரண்டு நாள் மோட்டார் சைக்கிளோடு கிடந்தோம். முறை வரப்போகும் நேரத்தில் “முடிந்துவிட்டது” என்றார்கள். என்னைக் கொதிக்கவைத்தது பெற்றோல் இல்லாதது இல்லை. இல்லை என்பதை இரண்டு நாள் கழித்துச் சொன்னதுதான். அந்த ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. வாகன எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். நான்கு லீற்றர் போதவே போதாது. ஆனாலும் உன் நாள் இதுதான் என்று வீட்டிலிருந்தே தெரிந்தது. வரிசை குறைந்தது.

சேவையகத்திலும் அதேதான். முப்பது வினாடி காக்கவைத்துக் கடைசியில் கைவிடும் கோரிக்கை, அந்த முப்பது வினாடியும் ஒரு இடத்தைப் பிடித்துவைத்திருந்தது. அந்த இடத்தில் பத்துப் பேரை அனுப்பியிருக்கலாம். கொள்ளளவு தாண்டியதும் வாசலிலேயே 503 என்று, அதாவது “இப்போது முடியாது” என்ற குறியீட்டு எண்ணோடு, பதில் கொடு. எத்தனை வினாடி கழித்து வரவேண்டும் என்பதையும் அதோடு அனுப்பு. உலாவியும் சேவையகமும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியில் அதற்கென்றே ஒரு தலைப்பு வரி இருக்கிறது. பார்ப்பவர் படிக்க நல்ல தமிழில் ஒரு பக்கமும் வை: “கூட்டம் அதிகமாக இருக்கிறது, ஒரு நிமிடத்தில் தானாகத் திறக்கும்.” அந்தப் பக்கம் இரண்டு கிலோபைட்டைத் தாண்டக் கூடாது.

ஓகஸ்ட் 5, இரவு 10.20

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பராமரிக்கும் தளத்தில் ஊர்ச் செய்தியும் படமும் வரும், மரண அறிவித்தலும் வரும். எல்லாவற்றையும் ஒரே தொகுதிச் சேவையகங்களில்தான் வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன், தேர் அன்று காலை, நான் திருநெல்வேலியில் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியோடு இருந்தேன். ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பெண்ணின் தாயார் முதல்நாள் காலமாகியிருந்தார். அவருக்கு விமானச் சீட்டுக் கிடைக்கவில்லை. கிரியை எத்தனை மணிக்கு, கைப்பேசியில் யாரை அழைத்துக் காட்டச் சொல்லலாம் என்று பார்க்க எங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார். நாற்பது நிமிடமாகச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. “தம்பி, அம்மாவின் படம்கூட வரவில்லை” என்றார்.

அந்த அறிவித்தலில் இருந்தது ஒரு சின்னப் படமும் இருபது வரியும்தான். ஒரு வினாடியில் கால்வாசிக்குள் போயிருக்க வேண்டியது. அதற்கு முன்னால் ஆறு மெகாபைட் தேர்ப் படங்கள் நூற்றுக்கணக்கில் வரிசை பிடித்து நின்றன. என்னால் அந்த நேரத்தில் வேறொன்றும் செய்ய முடியவில்லை. தரவுத்தளத்தை நேரே திறந்து, தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டினேன்: காலை பத்து மணிக்குக் கிரியை ஆரம்பம், பின்னர் தகனத்துக்காகக் கோம்பயன்மணல் மயானம். தொடர்புக்கு என்று போட்டிருந்த எண்களையும் சொன்னேன். அவர் ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். ஒன்பதா ஆறா என்று ஓரிடத்தில் இரண்டு தரம் கேட்டார்.

அன்று மூன்று பிரதியும் உயிரோடுதான் இருந்தன. ஒன்றும் விழவில்லை. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. சேவைத் தரம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஓகஸ்ட் 6, காலை 7.05

அதற்குப் பிறகு செய்தது: அறிவித்தல்களுக்குத் தனி வாசல். அதே மூன்று இயந்திரங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை அறிவித்தல் பக்கங்களுக்கென்று ஒதுக்கினேன். படங்கள் எவ்வளவு முட்டினாலும் அந்த இடத்தைத் தொட முடியாது. சாதாரண நாளில் அந்த ஐந்திலொன்று சும்மா கிடக்கும். கிடக்கட்டும்.

எத்தனை இடம் ஒதுக்குவது என்று கணக்கிட லிற்றில் என்ற ஆய்வாளர் 1961இல் நிறுவிய விதி போதும். வினாடிக்கு வருபவர்களை ஒருவர் உள்ளே நிற்கும் நேரத்தால் பெருக்கினால் எந்தக் கணத்திலும் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை வரும். வினாடிக்கு 200 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் அரை வினாடி என்றால் உள்ளே 100. அதே 200, ஒவ்வொன்றும் ஐந்து வினாடி இழுத்தால் 1000. வருபவர் தொகை கூடவே இல்லை. வேலை மெதுவானது மட்டும்தான். ஆகவே படங்களைச் சிறிதாக்கு. ஆறு மெகாபைட் படத்தைக் கைப்பேசித் திரைக்கு அனுப்புவது வீண். 150 கிலோபைட் தாராளம்.

ஓகஸ்ட் 8, இரவு 8.30

கேட்டவர் உள்பெட்டியில் எழுதியதை இங்கே போடச் சம்மதித்திருக்கிறார்: “அண்ணா, நாங்கள் குறைந்த இணைப்பு உள்ள சேவையகத்துக்குத்தான் ஆளை அனுப்பினோம். போன வருடம் சிங்கப்பூர்தான் முதலில் கெட்டது. ஆனால் கெட்ட பிறகும் எல்லாரும் அங்கேயே போனார்கள். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.”

எனக்கு விளங்குகிறது. சிங்கப்பூர் இயந்திரம் தரவுத்தளத் தொடர்பை இழந்திருக்கும். படத்தைத் தேடும் வேலை இல்லாததால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு நொடியில் பிழைப் பக்கத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கும். அதனால் அதில் இணைப்பு எப்போதும் குறைவு. சுமைப் பகிர்வியின் (வருபவரை எந்தச் சேவையகத்துக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பது) கண்ணுக்கு அதுதான் மிகவும் ஓய்வான சேவையகம். வந்தவர்களையெல்லாம் அந்தக் குழிக்குள் தள்ளியிருக்கும். பிழைப் பதில்களை எண்ணு. ஒரு பிரதி தொடர்ந்து பிழை கொடுத்தால் கொஞ்ச நேரம் வரிசையிலிருந்து எடுத்துவிடு. உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் கேட்காமல், ஒரு படத்தை எடுத்துத் தா என்று கேட்டுப் பார்.

அதற்கும் ஓர் எல்லை வேண்டும். மூன்றும் பிழை கொடுத்தால் மூன்றையும் எடுத்துவிடக் கூடாது. அது எனக்கே நடந்திருக்கிறது.

ஓகஸ்ட் 9, பகல் 1.10

டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சேவையகத்தின் எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடு) வழியாகச் சுழற்சி முறையில் பிரித்தால் போதாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது எண்ணுவது பெயர் தேடும் வினவல்களை, ஆட்களை இல்லை. ஒரு வினவலுக்குப் பின்னால் ஒரு வீடும் இருக்கலாம், ஒரு நகரமும் இருக்கலாம். அது தரும் விடையின் ஆயுளை அறுபது வினாடி என்று குறித்தாலும் அதை மதிக்காமல் பழைய விடையை வைத்திருப்பவர்கள் உண்டு. இடம் மாற்றிய பிறகும் பழைய சேவையகத்துக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

நான் ஒருமுறை ஐபி எண்ணை, அதாவது வருபவரின் இணைய முகவரியை, வைத்துப் பிரித்தேன். இங்கே கைப்பேசியில் இணையம் பார்ப்பவர்கள் பெருந்தொகையாக ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதை யோசிக்கவில்லை. குடாநாட்டில் பாதி ஒரே பிரதியில் போய் இறங்கியது. மற்ற இரண்டும் ஈயோட்டிக்கொண்டிருந்தன.

ஓகஸ்ட் 10, இரவு 11.45

பெற்றோல் கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதுதான் பிரதிகளுக்கு மிகவும் பொருந்தும்.

“சுன்னாகத்தில் பெற்றோல் பவுசர் வந்துவிட்டது, வரிசையே இல்லை” என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். படித்த எல்லாரும் சுன்னாகத்துக்கு ஓடுவோம். போய்ச் சேரும்போது வரிசை தண்டவாளம் வரை நிற்கும். அங்கே நிற்கும்போது “திருநெல்வேலியில் ஆளில்லை” என்று அடுத்த செய்தி வரும். செய்தி பொய்யில்லை, அரை மணி பழையது, அவ்வளவுதான்.

சேவையகங்கள் தங்கள் சுமையை முப்பது வினாடிக்கு ஒருமுறை சொல்கின்றன என்று வை. சொன்ன கணத்தில் பிராங்பேட் காலி. அடுத்த முப்பது வினாடிக்கு எல்லாப் பகிர்விகளும் பிராங்பேட்டுக்கே தள்ளுகின்றன. பிறகு ரொறன்ரோவுக்கு. ஊஞ்சல்தான். மிகக் குறைந்த சுமை உள்ளதைத் தேடும் ஆசையே இங்கே கேடு செய்கிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. குருட்டாம்போக்கில் இரண்டு சேவையகத்தைத் தேர்ந்து, அந்த இரண்டில் சுமை குறைந்ததற்கு அனுப்பு. அவ்வளவுதான். ஒன்றை மட்டும் குருட்டாம்போக்கில் எடுப்பதைவிட இரண்டில் ஒன்றை எடுப்பது நெரிசலை மடங்கு கணக்கில் குறைக்கிறது. மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று போனால் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் மிகச் சிறியது. மிற்சன்மாக்கர் என்ற கணினி ஆய்வாளர் 1996இல் தம் முனைவர் ஆய்வில் இதை விரிவாக எழுதினார். பழைய செய்தியை வைத்துக்கொண்டு இயங்கும்போதும் இந்த முறை அவ்வளவாகத் தள்ளாடாது, ஏனென்றால் எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடுவதில்லை.

மூன்றே பிரதி வைத்திருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம் தராது. ஒவ்வோர் ஊரிலும் பல இயந்திரம் வைத்திருப்பவருக்குத் தரும்.

ஓகஸ்ட் 13, காலை 6.15

படங்களைப் பிரதி எடுப்பது எளிது. ஒருமுறை போட்டால் மாறாது. எழுதுகிற விஷயம்தான் சிக்கல். அஞ்சலிக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். ரொறன்ரோவில் ஒருவர் எழுதுகிறார். எழுத்து சிங்கப்பூரில் உள்ள தலைமைப் பிரதியில் பதிவாகிறது. அங்கிருந்து மற்றவற்றுக்குப் போய்ச் சேரச் சில வினாடி ஆகும். நெரிசலில் அந்தச் சில வினாடி நிமிடமாகும். எழுதியவர் பக்கத்தைத் திரும்பத் திறக்கிறார். ரொறன்ரோப் பிரதியில் அவர் எழுதியது இல்லை. மீண்டும் எழுதுகிறார். எங்கள் தளத்தில் ஒரே ஆள் “ஆழ்ந்த அனுதாபங்கள்” என்று நான்கு முறை எழுதியிருந்தார். நான்காவதில் தம் பெயரோடு தந்தை பெயரும் ஊரும் சேர்த்திருந்தார். பெயர் போதவில்லை என்று தளம் ஏற்க மறுக்கிறதாக நினைத்திருக்கிறார். அதைப் பார்த்தபோது மனம் வலித்தது.

இப்போது, எழுதியவரின் அடுத்த பார்வையை ஒரு நிமிடத்துக்குத் தலைமைப் பிரதிக்கே அனுப்புகிறேன். மற்றவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தால் பரவாயில்லை. எழுதியவருக்கு உடனே தெரிய வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு குறிப்புக்கும் உலாவியிலேயே ஓர் அடையாள எண் கொடுத்தேன். அதே எண் இரண்டாம் முறை வந்தால் பதிவாகாது.

ஓகஸ்ட் 16, இரவு 9.00

மறுமுயற்சியைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். இதுதான் முதலில் எழுதியிருக்க வேண்டியது.

உலாவி மூன்று முறை முயல்கிறது. அதன் ஒவ்வொரு முயற்சிக்கும் பகிர்வி மூன்று முறை, பகிர்வியின் ஒவ்வொரு முயற்சிக்கும் உள்ளே இருக்கும் நிரல் தரவுத்தளத்தை மூன்று முறை. ஒருவர் ஒருமுறை தட்டியது தரவுத்தளத்தில் 27 முறை இடிக்கிறது. ஓர் அடுக்கில் மட்டும் மறுமுயற்சி வை. ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கு. அந்த இடைவெளியிலும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே வினாடியில் திரும்பி வருவார்கள்.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நானூறு யார் தூரத்தில், வினாடிக்கு 32 கிலோபிற்றாக இருந்த வேகம் 40 பிற்றுக்கு விழுந்தது. தொலைந்த தரவுப் பொட்டலங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பியதே வழியை அடைத்தது. வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட தீர்வின் அடிப்படையில்தான் இணையத்தின் பெரும்பகுதி இன்றும் ஓடுகிறது: பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு நீயாகவே வேகத்தைக் குறை.

ஓகஸ்ட் 19, மாலை 5.30

நாளை மறுநாள் தேர். நல்லூரில் பூசை நேரம் தவறாது என்பது எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அது வரம், ஏனென்றால் சுமை வரும் நிமிடம் முன்கூட்டியே தெரிகிறது. சிக்கலும் அதுதான்: எல்லாரும் ஒரே நிமிடத்தில் வருவார்கள். காலை ஏழு மணி இங்கே. லண்டனில் அதிகாலை 2.30, சுவிஸில் 3.30. ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9.30, சாப்பிட்டு முடித்துக் குடும்பமாகக் கைப்பேசியோடு உட்காரும் நேரம். ஆகவே பிராங்பேட் தூங்கும், ரொறன்ரோ திணறும். மூன்றுக்கும் சம பங்கு கொடுத்தால் பிழை. ரொறன்ரோவில் மிஞ்சியதைப் பிராங்பேட்டுக்கு விடு. கடல் தாண்டிப் போய் வரும் தாமதம் ஒரு வினாடியில் பத்தில் ஒன்றை ஒட்டி வரும். வரிசையில் பத்து வினாடி நிற்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. கேஷ் என்பதை நம் பாடப்புத்தகம் பதுக்கு நினைவகம் என்கிறது: ஒருமுறை தயாரித்த பக்கத்தை அடுத்து வருபவருக்காக எடுத்துவைத்திருக்கும் இடம். பதுக்கிய முகப்புப் பக்கத்தின் ஆயுள் சரியாக ஏழு மணிக்கு முடிந்தால், அந்தக் கணத்தில் வரும் ஆயிரம் பேரும் புதிய பக்கம் கேட்டு உள்ளே பாய்வார்கள். ஒருவரை மட்டும் உள்ளே விடு. அவர் புதியதை எடுத்து வரும்வரை மற்றவர்களுக்குப் பழையதையே கொடு. ஐந்து வினாடி பழைய பக்கத்தால் யாருக்கும் நட்டமில்லை.

ஓகஸ்ட் 21, காலை 6.48

ரொறன்ரோ 58 சதவீதம். பிராங்பேட் 20. சிங்கப்பூர் 41. கோயில் பக்கமிருந்து மேளம் கேட்கிறது.

ஓகஸ்ட் 21, காலை 7.40

7.12க்கு ரொறன்ரோ 70ஐத் தொட்டது. மிஞ்சியது பிராங்பேட்டுக்குப் போகத் தொடங்கியது. அடுத்த நான்கு நிமிடம் படப் பக்கத்துக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் காத்திருப்புப் பக்கம் காட்டினோம். அறிவித்தல் வாசலில் ஒரு சலனமும் இல்லை.

ஓகஸ்ட் 21, இரவு 10.30

மாலையில் பச்சை சாத்தி முருகன் தேரிலிருந்து இறங்கிய நேரத்தில் இன்னொரு சிறிய ஏற்றம். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பிராங்பேட் அந்த நேரம் விழித்திருக்கும் என்பதையும் காலையில் எழுதிய பங்கீட்டில் மாற்ற மறந்துவிட்டேன். பகிர்வி தானாகச் சமாளித்தது. கொக்குவில் தம்பியின் தளமும் அதே மூன்று பிரதியோடு நின்றது. படங்களைச் சிறிதாக்கியதே பாதி வேலையை முடித்துவிட்டது என்கிறார்.

ஓகஸ்ட் 24, மாலை 4.00

இன்று பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தேன். தேர் அன்று காலை எங்கள் தளத்தில் ஏழு அறிவித்தல்கள் இருந்தன. ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் அவற்றைத் திறக்க வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் போயிருக்கிறது. மிக மெதுவாகப் போனது 0.8 வினாடி; ரொறன்ரோவிலிருந்து, பழைய கைப்பேசி ஒன்று. அதே கைப்பேசியிலிருந்து இரண்டு நிமிடம் கழித்து ஓர் அஞ்சலிக் குறிப்பு வந்திருக்கிறது. ஒரே ஒரு முறை.